தலைவர் தண்ணீர் ஊற்றிய கதை

மனித குலத்தின் மேலான கவனத்துக்கு: அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, நூறாண்டுப் பாரம்பரியம் கொண்ட நாற்றுப்பண்ணைக் குடும்பத்தின் மூத்த வாரிசும், நான்காம் தலைமுறையின் தன்னிகரற்ற காவலருமான தலைவர் அவர்கள், தமது பொற்கரங்களால் ரப்பர் குழாயைப் பிடித்துத் தக்காளி நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஐம்பத்தாறு வருட வாழ்க்கையில் இது முதல் தடவை. இந்தக் காட்சியைக் காணும் பேறு பெற்றவர்கள் இரண்டு பேர்: அவருடைய மனைவி, தொட்டியடியில் படுத்திருந்த பூனை. பூனை நனைந்துவிட்டது.

தலைவர் என்பது அவர் பெயர் இல்லை. எப்போதோ இரண்டு வருடம் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். பதவி போய்விட்டது, காய்ச்சல் விட்ட பிறகும் விடாத இருமல் மாதிரி பட்டம் மட்டும் தங்கிவிட்டது. வீட்டிலும் அதுதான் பெயர், முடிவெட்டும் கடையிலும் அதுதான் பெயர். அவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கெல்லாம் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து பாரம்பரியத்தைக் காக்க ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூட விழா, கட்டடத் திறப்பு, பிரிவுபசாரக் கூட்டம் என்று எங்கே ஒரு மைக் தனியாக நின்றாலும் அதைப் போய்ப் பிடித்து, ‘வேர்’ என்ற பொருளில் நாற்பது நிமிடம் பேசுவார். கொள்ளுத்தாத்தா காட்டைத் திருத்தியது, தாத்தா கிணறு வெட்டியது, அப்பா புயலில் நாற்றுகளின் மேல் குப்புற விழுந்து அவற்றைக் காப்பாற்றியது எல்லாம் அதில் வரும். கேட்டவர்கள் கண்கலங்கியிருக்கிறார்கள். சிலர் பசியில்.

அவர் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் செடிகளை வளர்த்தது தங்கை. வயது நாற்பத்தெட்டு. வீட்டில் இன்னும் பாப்பாதான். அடுத்த தெருவில்தான் வீடு. கணவர் பஸ் ஓட்டுகிறார். அவர் முதல் வண்டி எடுக்கக் கிளம்பும்போதே இவளும் பண்ணைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் விரல் நுனிகள் வருடம் முழுக்கக் கறும்பச்சையாக இருக்கும். தக்காளி இலையின் கறை அது, எந்தச் சோப்புக்கும் போகாது. விதை போடுவதற்கு முன் தேங்காய் நார்த்தூளை ஒரு பிடி எடுத்துப் பிழிவாள். விரலிடுக்கில் ஒரு சொட்டுக்கு மேல் வந்தால் மொத்தத் தூளையும் மறுபடி உலர்த்துவாள். நூறு விதை கேட்டால் நூற்றுப்பத்து போடுவாள். கேட்டால், “முளைக்கிறது விதை இஷ்டம். குடுக்கிறது நம்ம வாக்கு” என்பாள். இதைத் தலைவர் தம் பேச்சில் கொள்ளுத்தாத்தா சொன்னதாகச் சேர்த்திருந்தார்.

பண்ணையின் நாற்றுக்குக் கிராக்கி இருந்தது, அது சாகாது என்பதால். வாங்கிப்போய் நட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிற்கும். ரகசியம் ஒரு மூங்கில் கோலில் இருந்தது. மூன்றடி நீளம், பழைய பருத்தித் துணி சுற்றியது. கடைசி இரண்டு வாரம், நாற்றுகளின் தலையை அந்தக் கோலால் தடவ வேண்டும். காலையில் நாற்பது தடவை, மாலையில் நாற்பது தடவை, ஒவ்வொரு நாற்றுத் தட்டுக்கும். இலை வளையணும், ஒடியக் கூடாது. இப்படித் தொந்தரவு செய்யச் செய்யச் செடி உயரமாகப் போகும் யோசனையை விட்டுவிட்டுத் தண்டைத் தடிமனாக்கிக்கொள்ளும். கடைசி வாரம் தண்ணீரையும் குறைத்து, நிழல்வலையையும் சுருட்டிவிட்டால், வெளியே என்ன வெயில் அடித்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்கிற தெம்பு அதற்கு வந்துவிடும். தேத்துவது என்று இதற்குப் பெயர். இதைக் கண்டுபிடித்த பெருமை கொள்ளுத்தாத்தாவுக்கு என்று பேச்சில் வரும். உண்மையில் கண்டுபிடித்தது ஒரு மாடு. தண்ணீர்த் தொட்டிக்குப் போக வர அது வேலியோரப் பாத்தியை வயிற்றால் உரசிக்கொண்டே போயிருக்கிறது. அந்த வரிசைச் செடி மட்டும் குட்டையாக, திடமாக இருந்திருக்கிறது. கொள்ளுத்தாத்தா அதைக் கவனித்தார். மாட்டை ஓட்டிவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டார். மேடையில் தலைவர் மாட்டைச் சொல்வதில்லை.

அந்த வாரம் தங்கை மகளின் பிரசவத்துக்கு நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. கிழக்குக் கொட்டகையில் பத்து மேசைகளில் நாற்பதாயிரம் நாற்று கடைசி வாரத்தில் நின்றது. பதினொரு விவசாயிகள் திங்கட்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. போகும்போது அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“ண்ணா, அண்ணி கோல் போடுவாங்க. நீ ஒண்ணும் செய்ய வேணாம்.”

“நான் எப்பம்மா என்ன செஞ்சேன்?” என்றார் தலைவர், மனம் புண்பட்டு.

“அதையே செய். மத்தியானம் செடியெல்லாம் தலையைத் தொங்கப்போடும். போடட்டும். பாவம் பாத்துத் தண்ணி காட்டிடாத. பொழுது சாய்ஞ்சா தானா நிமிந்துக்கும்.”

அவள் ஏறிய பஸ் முதல் நிறுத்தத்தைத் தாண்டியிருக்காது, போன் வந்தது. நூற்றாண்டுப் பண்ணைகளுக்குப் பட்டயம் கொடுக்கும் குழு சனிக்கிழமை வருகிறதாம். தலைவர் இதற்காக மூன்று வருடம் மனு போட்டவர். எங்கே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்க, பல மாதங்களுக்குப் பிறகு கிழக்குக் கொட்டகைக்குள் காலை வைத்தார். உச்சி வெயில். துக்க வீட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி நாற்பதாயிரம் நாற்றும் தலை குனிந்து நின்றன. இலையின் அடிப்பக்கம் ஊதா பாய்ந்திருந்தது. செடி குட்டையாகி, பச்சை வெளிறி... நூறாண்டுப் பாரம்பரியம் இப்படியா புகைப்படத்தில் நிற்கும்? ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். விடிந்ததும் குழாயைப் பிடித்தார்.

“ஏங்க, வேணாம். பாப்பா அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போச்சு” என்றார் மனைவி.

“பாப்பாவுக்கு என்ன தெரியும்?” என்றார் தலைவர். சொன்ன பிறகு அவருக்கே காது கூசியிருக்க வேண்டும். “அதாவது, நிலைமை அப்படி” என்று திருத்திக்கொண்டார்.

ஒரு வேலையை முதல்முறை செய்பவனுடைய ஆர்வம் பயங்கரமானது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் தண்ணீரில் யூரியா கரைத்து ஊற்றினார். சுருட்டிய நிழல்வலையை இழுத்து மூடினார். தடவினால் இலை கசங்கிப் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று மனைவியின் கையிலிருந்த கோலை வாங்கி மூலையில் சாத்தினார். செடிகள் நன்றியோடு நடந்துகொண்டன. சனிக்கிழமை காலை கொட்டகைக்குள் நுழைந்தவர் கண்ணுக்கு அது பச்சைக் கடல். மூன்றே நாளில் நான்கு விரற்கடை வளர்ந்து, பளபளவென்று இலை விரித்து, காற்றில் ஒருசேர அசைந்தது. இத்தனை வருடம் பாப்பா ஏன் இதை இப்படிச் செய்யவில்லை என்று தலைவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

குழுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாளும், ஒரு புகைப்படக்காரரும் வந்தார்கள். “நூறு வருஷமா இந்தத் தரத்தை எப்படி சார் காப்பாத்தறீங்க?” என்று அந்த அம்மாள் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். தாத்தாவின் கிணற்றைத் தாண்டி அப்பாவின் புயலுக்குத் தலைவர் வந்துகொண்டிருந்தபோது, கையில் துணிப்பையோடு தங்கை வாசலில் நின்றாள். பஸ்ஸிலிருந்து நேரே வந்திருக்கிறாள். அவள் மனிதர்களைப் பார்க்கவில்லை. முதல் மேசை, வலை, மூலையில் சாத்திய கோல் என்று அவள் பார்வை போன வரிசையைத் தலைவர் பேசிக்கொண்டே கவனித்தார். அவள் பையைக் கீழே வைத்து, ஒரு நாற்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்து வளைத்தாள். நனைந்த நூல் மாதிரி வளைந்தது. விட்டாள். வளைந்தபடியே இருந்தது.

“இவங்க யாரு சார்?”

“என் தங்கச்சி. பண்ணையில கொஞ்சம் ஒத்தாசையா இருக்கா” என்றார் தலைவர். “வா பாப்பா, போட்டோவுல நில்லு.”

அவள் நின்றாள். பட்டயத்தோடு எடுத்த அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கார் போனதும் தலைவர் பேச்சை மாற்றும் முகமாக, “என்ன குழந்தை?” என்றார்.

“பொண்ணு. நல்லா இருக்கா. யாருண்ணா யூரியா போட்டது?”

தலைவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். தங்கை வலையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தலாம். கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு, அடுத்த கயிற்றுக்கு நகர்ந்துகொண்டே பேசினாள்.

“இதை திங்கக்கிழமை குடுத்தோம்னா நட்ட மூணாம் நாள் வெயில்ல படுத்துரும். படுத்தா எழுந்திரிக்காது. அவங்க உழுது, பாத்தி கட்டி, ஒரு போகத்தையே நம்மளை நம்பி விட்டிருக்காங்க.”

“பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு. யாரும்மா கண்டுபிடிக்கப் போறா?”

“செடி கண்டுபிடிச்சிரும்.” அடுத்த முடிச்சு. “திங்கக்கிழமையிலேர்ந்து பன்னண்டு நாள் வேணும். முதல்லேர்ந்து தேத்தணும். பதினோரு பேருக்கும் சொல்லிடு.”

“நானா? பட்டயம் வாங்கின கையோட, நாத்து வீணாப்போச்சுன்னு நானே சொல்றதா? குடும்பப் பேரு என்னாகும்?”

“பேரு உன்கிட்டதானே இருக்கு. நீதான் காப்பாத்தணும்.” நம்பர்கள் எழுதிய அட்டையை அவர் கையில் வைத்தாள். “எங்கிட்ட கோல்தான் இருக்கு.”

அன்று சாயங்காலம் தலைவர் தொலைபேசி முன் உட்கார்ந்தார். முதல் ஆளுக்குக் கொள்ளுத்தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். கிணறு வெட்டுவதற்குள் அந்தப் பக்கம், “தலைவரே, அக்கா இருக்காங்களா? இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க” என்றது. இரண்டாவது ஆளிடம் காட்டைத் திருத்துவதை விட்டுவிட்டு நேரே புயலுக்கு வந்தார். “என்னங்க, புயலா? எங்க?” என்று பதறிப்போனார் அவர். மூன்றாவது ஆளிடம் தட்பவெப்பத்தின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். அந்த மனிதருக்கும் அதே ஊர், அதே தட்பவெப்பம். இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, ஏழாவது ஆளிடம் வரும்போது நாற்பது நிமிடப் பேச்சில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: “நாத்துல நான் தண்ணி ஊத்திட்டேன். திங்கக்கிழமைக்குப் பன்னண்டு நாள் கழிச்சு வாங்க.” எதிர்ப்பக்கமிருந்து “சரிங்க” என்று மட்டும் வந்தது. தலைவரின் பேச்சை ஒருவர் முழுமையாகப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

பதினொன்றாவது ஆள் போனை எடுக்கவில்லை. அவருக்கு அவசரம் என்று பெயர். தட்டு ஏற்றி முடிவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். திங்கட்கிழமை காலை வண்டியோடு வந்து நின்றார். தங்கை அப்போது மேற்குக் கொட்டகையில் அடுத்த விதைப்பில் இருந்தாள். தலைவர்தான் எதிர்ப்பட்டார்.

“அடேங்கப்பா!” என்றார் அவசரம், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து. “என்ன தலைவரே, இந்தத் தடவை கண்ணைப் பறிக்குது! யார் கைவண்ணம்?”

தலைவர் நின்றார். ஐம்பத்தாறு வருடத்தில் அவர் வளர்த்த ஒரு செடியை ஒருவர் பாராட்டுவது இதுவே முதல் தடவை. எத்தனை மாலைகள் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் செத்துப்போன மூன்று பேருக்குச் சேர வேண்டியவை என்பது அவருக்கு உள்ளூரத் தெரியும். இது அவருக்கே அவருக்கு வந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது, “எடுத்துக்கப்பா” என்று. தங்கை கொட்டகையில் இல்லை. வண்டி தயார். மூன்றாம் நாள் வெயில் என்பது மூன்று நாள் தள்ளி இருக்கிறது.

“என் கைவண்ணம்தான்” என்றார். “அதனாலதான் குடுக்க முடியாது. இது செழிப்பு இல்லப்பா, வீக்கம்.”

ஒரு நாற்றைப் பிடுங்கி, தங்கை செய்த மாதிரியே வளைத்துக் காட்டினார். அவசரத்துக்கு முகம் மாறியது. “பாத்தி காஞ்சுகிட்டுக் கிடக்கு. நான் வேற எடத்துல வாங்கிக்கறேன்.”

“வாங்கிக்க. தப்பில்ல. ஆனா பன்னண்டு நாள் பொறுத்தேன்னா, உன் பங்கை நானே என் கையால தேத்தித் தரேன்.”

“நீங்களா?” அவசரம் வண்டிமேல் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “ஏன், அக்கா நல்லாத்தானே இருக்காங்க?” பிறகு, அவர் குணத்துக்கு மாறாகக் கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, பொறுக்கறேன். ஆனா அன்னிக்குச் செடி நிக்கலைன்னா, இனிமே உங்க பேச்சு எங்க நடந்தாலும் நான் உக்காந்து கேக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

தலைவர் தம் வாழ்நாளில் கேட்ட மிகக் கொடூரமான மிரட்டல் அது. நேரே தங்கையிடம் போய், ஒன்பதாவது பத்தாவது மேசைகள் இனித் தம்முடையவை என்றும், அங்கே வேறு எவரும் கை வைக்கக் கூடாது என்றும் அறிவித்தார். அவள் விதைத்துக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “காலையில நாப்பது, சாயங்காலம் நாப்பது. எண்ணணும்” என்றாள்.

எண்ணுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தலைவர் அந்தப் பன்னிரண்டு நாளில் தெரிந்துகொண்டார். இருபதாவது தடவையில் தோள் எரியும். முப்பதாவது தடவையில் மணிக்கட்டு தன்னுடையதாக இருக்காது. அழுத்திப் போட்டால் இலை ஒடிந்தது. மெதுவாகப் போட்டால் கோல் காற்றைத் தடவியது. முதல் நாளிலேயே வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் பச்சையாகிவிட்டது. மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் எட்டு மேசை தள்ளித் தங்கையைப் பார்த்தார். அவள் ஒரே நடையில் போய்க்கொண்டிருப்பாள். காலடியும் கோலும் ஒரே தாளத்தில் விழும். கோல் போன இடத்தில் நாற்றுகள் சரசரவென்று படுத்து, அவள் அடுத்த அடி வைப்பதற்குள் எழுந்துகொள்ளும். திரும்பும் இடத்தில் கோல் கை மாறும், நடை நிற்காது. நடுவில் எங்கோ ஒரு இலையில் பூச்சி முட்டை கண்ணில் பட்டால் இடது கை அதைக் கிள்ளும், வலது கை தன் எண்ணிக்கையை விடாது. இருபத்தாறு வருடமாக இப்படி நடக்கிறாள். காய்ச்சல் நாளில் நடந்திருக்கிறாள், மகள் வயிற்றில் இருந்தபோது நடந்திருக்கிறாள். எவரும் கைதட்டியதில்லை. செடிகள் மட்டும் எழுந்து நின்றன. இதை வைத்து ஒரு புதுப் பேச்சு தயாரிக்கலாம் என்று தலைவருக்குத் தோன்றியது. முதல் வாக்கியம்கூட வந்தது. அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததில் எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு பேச்சை விட்டுவிட்டார்.

ஆறாம் நாளிலிருந்து எண்ணிக்கை தவறவில்லை. எட்டாம் நாள் ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார்; தீக்குச்சி மாதிரி விறைத்திருந்தது. மத்தியானம் தலை தொங்கியபோது தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பாமல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது கோல் போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் அத்தனையும் நிமிர்ந்திருந்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். “ஏங்க, நெசமாவே நீங்கதானா?” என்றார் அவர். பத்தாம் நாள் தங்கை அந்த வழியாகப் போனவள், பாதையோரம் நின்று அவருடைய மேசைகளை ஒரு பார்வை பார்த்தாள். “ம்” என்றாள். அந்த ‘ம்’மைத் தலைவர் பட்டயத்துக்கு மேலாக வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு வண்டிகளும் வந்தன. தங்கையின் எட்டு மேசைகளும் வெட்டிவிட்ட புல் மாதிரி ஒரே மட்டமாக நின்றன. ஆட்கள் தட்டுத் தட்டாக ஏற்றினார்கள். யாரும் வளைத்துக்கூடப் பார்க்கவில்லை. தலைவர் சலவைச் சட்டையில், கோலைக் கையில் பிடித்தபடி, ஒன்பதாவது மேசையருகே அவசரத்துக்காகக் காத்திருந்தார். அவசரம் வந்தார். ஓரத்துத் தட்டில் ஒரு நாற்றை வளைத்தார். அது அவர் விரலைத் தட்டிவிட்டு எழுந்து நின்றது. “அட!” என்றார். பக்கத்துத் தட்டு. அதுவும் நின்றது. தலைவரின் நெஞ்சு நிமிர்ந்தது, வாய் தானாகத் திறந்து, “எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல...” என்று ஆரம்பித்துவிட்டது.

அவசரம் குனிந்து மேசையின் பின்பக்கம் பார்த்தார். “தலைவரே, இது என்ன, சறுக்குமரம் மாதிரி இருக்கு?”

அந்த இரண்டு மேசைகளும் கொட்டகையின் கடைசி. பின்னால் வலைச்சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒரு முழ அகல வழிதான். தங்கை ஒருக்களித்துப் போய்விடுவாள். தலைவரின் வயிற்றுக்கு அந்த வழி கொடுத்து வைக்கவில்லை. முதல் நாள் ஒரு தடவை முயன்று, ஒரு பொத்தானை இழந்து, கோல்தான் நீளமாக இருக்கிறதே என்று முன்பக்கமிருந்தே போட்டுவந்தார். பாதையோரம் குட்டையாகத் தடித்து நின்ற நாற்றுகள், மேசையின் நடுவைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, கடைசியில் வலைமேல் சாய்ந்துகொண்டு, மெல்லிசாக, பளபளப்பாக, சனிக்கிழமைப் புகைப்படத்தில் இருந்த அதே பச்சையில் ஆடிக்கொண்டிருந்தன.

தங்கை உள்ளே போய், மேற்குக் கொட்டகையின் ஓரத்தில் ஈரச்சாக்குப் போட்டு வைத்திருந்த தட்டுகளை இரண்டிரண்டாகக் கொண்டுவந்து அவசரத்தின் வண்டியில் வைத்தாள். ஒரே மட்டமாகத் தடித்த நாற்றுகள். நூற்றுக்குப் பத்து என்று அதிகமாகப் போட்டதில் தேறியவை. எப்போது எடுத்து வைத்தாள் என்று தலைவருக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது, பத்தாவது மேசைகளின் முன்பாதியையும் அவளே ஏற்றினாள். எண்ணிக்கை சரியாக வந்தது. வண்டி, அவசரத்தின் குணத்துக்கேற்ப, கடைசித் தட்டு ஏறும்போதே நகர ஆரம்பித்தது.

கொட்டகையில் தலைவரும் மிச்சமிருந்த பாதி மேசைகளும் நின்றன. அவர் கோலை நீட்டிப் பார்த்தார். கோலின் நுனி எங்கே முடிந்ததோ, அங்கே வரைக்கும் மேசை காலி.

அதற்கு அப்பால் இருந்தவை தேறவில்லை.